நிப்பாட்டி அண்ணையும் தலையாட்டிய கடித உறையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. எத்தனையோ பேர் வந்தார்கள், ஆண்டார்கள், போனார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளை நிப்பாட்டுவதில் நிப்பாட்டி அண்ணைக்கு நிகரான இன்னொரு மனிதன் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். யுத்தம் ஒன்றைத்தான் அவரால் நிப்பாட்ட முடியவில்லை. அதன் சுவிச்சு எந்தச் சுவரில் இருக்கிறது என்று யாராவது காட்டியிருந்தால், மனுசன் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு போய் அதையும் ஒருக்கால் அமுக்கிப் பார்த்திருப்பார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதா மாதம் அதை எழுதினவள் நான்தான். எழுதும்போதெல்லாம், யாரடா இது புது ஆள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுதுவேன்.

இவரை ஏன் இப்போது இழுக்கிறேன் என்றால், போன கிழமை என் லப்ரொப்பில் ஒருவர் குடியேறிவிட்டார். செயற்கை அறிவு உதவியாளராம். வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பத்திக்கு நான் முதல் வரியை எழுதினேன். பக்கத்தில் ஒரு பெட்டி திறந்து, மிச்சத்தைத் தான் எழுதித் தரட்டுமா என்று கேட்டது. இத்தனை வருசம் குசினியில் நிற்கிறேன், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டில் ஒருதரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆகவே முதல் தடவை கேட்டபோது மனம் கொஞ்சம் இளகியது உண்மை. இரண்டாம் வரிக்கும் கேட்டது. மூன்றாம் வரிக்கு, உங்கள் தொனி சற்றுக் கோபமாக இருக்கிறது, குறைக்கட்டுமா என்றது. கோதாரி, என் தொனியில் அதற்கு என்ன வேலை? தேடித் தேடி ஒரு மூலையில் சுவிச்சைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். அடுத்த நாள் காலை ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து வணக்கம் சொன்னது. இதுக்கு நிப்பாட்டி அண்ணைதான் சரியான ஆள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போது நான் மீனவர் சங்கங்களின் சமாசத்தில் கணக்குக் கிளார்க். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பழைய மாடியில் கந்தோர். யன்னலைத் திறந்தால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை, மலைக்கு மேல் யாரோ தலையணை உதறிவிட்டது போல வெள்ளை முகில். கீழே றோட்டில் காவலரண், மணல் மூட்டை, முள்ளுக்கம்பி. இரண்டையும் ஒரே யன்னலால்தான் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகப் படை முகாமில் பாஸ் எடுக்க வேண்டிய காலம் அது. சல்லி, இறக்கக்கண்டி போன்ற மீன்பிடி ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து வாங்குப் பலகையில் இருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை நாங்கள் ஆங்கிலத்தில் ரைப் பண்ணி அனுப்ப வேண்டும். பட்டியல் போகாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் வள்ளம் கரையில், உலை அடுப்பில் ஏறாது.

நிப்பாட்டி அண்ணை அங்கே தலைமைக் கிளார்க். வெள்ளை நீளக்காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, பொக்கற்றில் சிவப்பு மைப் பேனை. அறைக்குள் வந்தால் முதலில் முகட்டைப் பார்ப்பார். முகட்டில் ஃபான் சுற்றினால் அதற்குக் கீழே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார். ஆள் இருந்தால், அந்த ஆளுக்கு வேர்க்கிறதா என்று பார்ப்பார். வேர்க்கவில்லை என்றால் சுவிச்சு டிக். வேர்த்தால், "ஃபான் சுத்தியும் வேர்க்குதெண்டால் அது என்னத்துக்குச் சுத்துது?" என்று கேட்டுவிட்டு டிக்.

சனிக்கிழமை மத்தியானம் கந்தோர் பூட்டும்போது சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார். ஆளில்லாத அறையில் ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கு நேரம் காட்டப் போகிறது என்பது அவருடைய வாதம். திங்கட்கிழமை தன் கைமணிக்கூட்டைப் பார்த்து அதைச் சரிசெய்வார். கைமணிக்கூட்டையும் அவர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு விடுகிறவர். ஆகவே கிழமையின் முதல் நாளில் எங்கள் கந்தோரில் நேரம் என்பது ஒரு உத்தேசம்தான்.

நிலாவெளிப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பாதைப் பிரச்சினையால் மேளகாரர் வந்து சேரவில்லை. கசெற்றில்தான் மேளம், அதற்கு ஒரு ஜெனரேற்றர். ஐயர் கண்ணைக் காட்ட, மாப்பிள்ளை தாலியோடு கையைத் தூக்க, கெட்டிமேளம் தொடங்கி இரண்டு அடி விழவும் ஜெனரேற்றர் நின்றது. மாப்பிள்ளை தூக்கிய கையோடு அப்படியே நிற்கிறார். ஐயர் அவரைப் பார்க்கிறார், அவர் ஐயரைப் பார்க்கிறார். பெண்ணின் தகப்பன் பந்தலுக்குப் பின்னால் ஓடினார். அங்கே நிப்பாட்டி அண்ணை கைலேஞ்சியால் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார். பட்டப் பகலில் பந்தலுக்குள் ரியூப் லைற் எரிகிறதாம், பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் போய்விட்டதாம். கடைசியில் பெண்கள் எல்லாரும் கை தட்டித்தான் தாலி ஏறியது. அந்தத் தம்பதி நன்றாக இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தாலும் நிலைக்காது. காரணம் அந்த மத்தியானங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை சுற்றி வருவார். ஃபான் நிற்கும், ரேடியோ நிற்கும், ரைப்ரைற்றர்கூட அவரைக் கண்டால் தானாகத் தயங்கும். எல்லாம் நின்ற பிறகு கடல் மெல்ல மாடியேறி வரும். கீழ்ச்சுவரில் தண்ணீர் தட்டுவது கேட்கும். எங்கேயோ ஒரு கப்பல் சங்கிலியை இறக்கும். றோட்டில் மான்கள் நடந்துபோகும் குளம்புச் சத்தம் கேட்கும். எங்கள் ஊரில் மான்கள் மாடு மாதிரித்தான், கடைவாசலில் நின்று வாழைப்பழத் தோல் கேட்கும். கண்ணை மூடினால், கயிறு அவிழ்ந்த வள்ளம் போலக் கந்தோரே மிதந்து துறைமுகத்துக்குள் போவதாக இருக்கும். வெடிச் சத்தமும் செய்திச் சத்தமுமாய்க் கிடந்த அந்த வருசங்களில் அமைதி என்ற ஒன்றை நான் காதால் கேட்டது அவர் சுவிச்சை அமுக்கிய பிறகுதான்.

இப்படி இருக்கும்போதுதான் கொம்பியூட்டர் வந்தது. கொழும்பில் ஏதோ ஒரு உதவி அமைப்பு கொடுத்தது. அதோடு ஒரு பயிற்றுநரும் வந்து இரண்டு நாள் தங்கிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பாதை மூடுவதற்கு முன் ஓடிவிட்டார். இனிப் பட்டியல் எல்லாம் இதில்தான் என்றார் எங்கள் மனேஜர். மனேஜர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனுசன், கிரிக்கெட் பைத்தியம், மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மெசினில் எழுதத் தொடங்கினால் திரையின் கீழ் மூலையில் ஒரு உதவியாளர் எழும்பும். இப்போதைய செயற்கை அறிவுக்கு அது ஒன்றுவிட்ட பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடித உறை. மண்ணிறத்தில், சாக்குத் துணி மாதிரி. அதில் இரண்டு கண். வாய் இல்லை, மூக்கு இல்லை. நாங்கள் ஒவ்வொரு சொல்லாகத் தட்டத் தட்ட அது எங்களைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்பது போல, முன்னும் பின்னும் தலையாட்டும்.

மனேஜர் கைதட்டிச் சிரித்தார். எவ்வளவு வடிவாகத் தலையாட்டுகிறது பாருங்கள் என்றார். சுற்றி நின்ற நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய வாயிலும் ஒரே சொல் வந்து நின்றது, ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் ஆசை, ஆனால் கதைக்குத் தேவை. ஊரில் சுற்றிவளைப்பு என்றால் படையினர் ஆண்களை எல்லாம் ஒரு வெளியில் கூட்டி வரிசையாக நடக்கவிடுவார்கள். வரிசை ஒரு ஜீப்பைக் கடந்து போகும். ஜீப்புக்குள் ஒரு ஆள் இருப்பான். தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சாக்கு அசையாவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். முன்னும் பின்னும் அசைந்தால் உங்களை வேறு பக்கம் கொண்டுபோவார்கள். அந்த ஆளுக்கு ஊரில் தலையாட்டி என்று பெயர்.

எங்கள் ரைப்பிஸ்ட் சிவமணி, கிளிவெட்டி என்ற ஊர்ப் பெண். அவளுடைய புருசன் வயல் செய்துகொண்டிருந்தவர். ஒருநாள் அவர் ஒரு ஜீப்பைக் கடந்தபோது சாக்கு அசைந்துவிட்டது. ஒரு குற்றமும் இல்லை என்று விட்டுவிட்டார்கள்தான், ஆனால் விடுவதற்கு ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது. திரும்பி வந்த மனுசன் வயலுக்கும் போகவில்லை, வாய் திறந்து கதைக்கவும் இல்லை. நகரத்தில் ஒரு அறையில் குடியிருந்தார்கள். சிவமணியின் சம்பளத்தில்தான் அந்த அடுப்பு எரிந்தது.

கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த முதல் நாளே அவள் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெசினில் தட்டப் பழகாத பயம் என்று மனேஜர் நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டினாள். எழுத்துகள் எங்கெங்கோ போயின. இறக்கக்கண்டி ஆட்களின் பட்டியலில் பாதிப் பெயரைக் காணோம் என்று முகாமிலிருந்து திரும்பி வந்தது. வள்ளங்கள் கரையில் கிடந்தன, பெண்கள் கந்தோர் வாசலில் வந்து நின்று ஏசினார்கள். மனேஜர் கெட்டவர் இல்லை என்று சொன்னேன்தானே, அவர் அமைதியாகத்தான் சொன்னார்: மாத முடிவில் சல்லி ஆட்களின் பட்டியல் போகவேண்டும், அதுவும் பிழைத்தால் கொம்பியூட்டர் படித்த வேறொரு பிள்ளையை எடுக்க வேண்டி வரும். சிவமணி சரி சேர் என்றாள்.

அடுத்த நாள் நிப்பாட்டி அண்ணை வழமைபோல ஃபானைத் தேடி வந்தவர், சிவமணி திரையின் மூலையில் ஒரு கோப்பு மட்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுவதைக் கண்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"என்ன பிள்ளை, மட்டையைப் பிடிச்சுக்கொண்டு?"

அவள் மட்டையை எடுத்துக் காட்டினாள். கடித உறை எட்டிப் பார்த்தது.

"பேருகளை அடிக்க அடிக்கத் தலையாட்டுது அண்ணை. ஒவ்வொரு பேருக்கும் ஆட்டுது. நான் காட்டிக் குடுக்கிற மாதிரிக் கிடக்கு."

அண்ணை கொஞ்ச நேரம் அந்த உறையைப் பார்த்தார். உறையும் அவரைப் பார்த்தது.

"நிப்பாட்டுவம்," என்றார்.

அப்படிச் சொன்ன மனுசனுக்கு மெசினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. முதல் வேலையாகத் திரையின் சுவிச்சை அமுக்கினார். உறை போனது, பட்டியலும் போனது, எல்லாம் கறுப்பு. இப்ப அடியும் பிள்ளை என்றார் வெற்றியோடு. அவள் பாவம், இருட்டுத் திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அடித்தாள். திரும்பப் போட்டுப் பார்த்தால் வரி முழுக்க ஒரே எழுத்து ஊர்வலம் போயிருந்தது.

பிறகு அவர் மெசினோடு நேரடியாகக் கதைப்பது என்று முடிவுசெய்தார். கதிரையை இழுத்துப் போட்டு, சேட்டுக் கையை மடித்து, தன் மிகச் சிறந்த ஆங்கிலத்தில் ஒரு விரலால் தட்டினார். ஐயா, நான் இக்கந்தோரின் தலைமைக் கிளார்க். தங்கள் சேவை இனித் தேவையில்லை. தயவுசெய்து உடனடியாக வெளியேறவும். உறை முழுவதையும் பார்த்தது, பணிவோடு தலையாட்டியது. பிறகு, நீங்கள் முறைப்பாட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள் போல இருக்கிறது, அழகாக எழுத மாதிரிகள் தரட்டுமா என்று கேட்டது. அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "பார் பிள்ளை, தன்னைத் துரத்திறதுக்குத் தானே மாதிரி எடுத்துத் தாறான்," என்றார் என்னிடம். அன்று முழுக்க அவர் ஒரு ஃபானையும் நிப்பாட்டவில்லை. எங்களுக்குக் குளிர்ந்தே போனது.

கடைசியில் வழி கிடைத்தது தற்செயலாக. மேசை துடைத்தபோது என் கை மவுஸின் வலப்பக்கத்தில் பட்டது, உறைக்கு மேல் சின்னதாக ஒரு பட்டியல் விழுந்தது, அதில் போய்விடு என்பது போல ஒரு சொல். அமுக்கினேன். உறை தலையை ஒருமுறை சரித்துவிட்டு மறைந்துவிட்டது. சிவமணி வாயில் கையை வைத்தாள். அண்ணை எல்லாருக்கும் பிளேன்ரீ சொல்லியனுப்பினார். நாங்கள் இன்னும் குடித்து முடிக்கவில்லை, ஊரில் கரண்ட் நின்றது. அந்த நாளில் நாளொன்றுக்கு எத்தனை தரம் நிற்கும் என்று கேட்காதீர்கள். திரும்ப வந்தது, மெசினைப் போட்டோம். மூலையில் இரண்டு கண்.

மனேஜரின் போனில் கொழும்புக்கு எடுத்து அந்தப் பயிற்றுநரைப் பிடித்தோம். யாரும் பழுதாக்கிப் போடாமல் மெசினுக்குத் தான் ஒரு பூட்டுப் போட்டிருப்பதாக அவர் பெருமையாகச் சொன்னார். நின்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது தான் விட்டுப்போன மாதிரியே எழும்புமாம். நீங்கள் எதை மாற்றினாலும் மறந்துவிடுமாம், அதனால்தான் பட்டியல்களை பிளொப்பியில் போட்டு வைக்கச் சொன்னாராம். பூட்டைத் திறக்க அவரே நேரில் வரவேண்டும். பாதை திறந்தால் வருவார்.

அண்ணை போனை வைத்துவிட்டு யன்னலடியில் போய் நின்றார். துறைமுகத்தில் ஒரு சாம்பல் நிறக் கப்பல் அசையாமல் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனுசன் அவ்வளவு நேரம் எதையும் தொடாமல் நின்றதை அதற்கு முன் கண்டதில்லை. பிறகு திரும்பிச் சொன்னார்.

"நிப்பாட்டினால் வருவான். அப்ப நிப்பாட்டாமல் விடுவம்."

அன்று தொடங்கியது எங்கள் கந்தோரின் தலைகீழ்க் காலம். கிண்ணியாவில் தனக்குத் தெரிந்த, ரேடியோ திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவிடம் போய், லொறிப் பற்றரிகளும், கரண்ட் போன கணமே பற்றரியிலிருந்து பிடித்துக்கொள்ளும் ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். பற்றரி என்றால் குண்டுதான் என்று நினைக்கும் காவலரண்காரருக்கு அவற்றை விளங்கப்படுத்த ஒரு நாள் முழுக்கப் போனது. உறையை விரட்டிவிட்டு, மெசினை ஓடவிட்டார். இரவும் ஓடியது, விடிந்தும் ஓடியது. குளியலறை லைற் எரிந்தால் தூக்கம் வராத மனுசன், மெசினுக்குச் சூடேறக் கூடாது என்று தன் மேசைக்கு மேலிருந்த ஃபானைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் பொருத்தினார். தான் வேர்த்து வழிந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்கு வந்து மெசினைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மட்டையில் சிவப்பு மையால் தானே எழுதி அதன் தலையில் ஒட்டினார்: நிப்பாட்டாதே. இந்த ஆள் இப்படி எழுதினார் என்று கேள்விப்பட்டு, பக்கத்துக் கந்தோர்களில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாத முடிவு வந்தது. சல்லியிலிருந்து ஒரு பெரியவர் பெயர்களைச் சரிபார்க்க வந்து வாங்கில் இருந்தார். அடுத்த நாள் பாஸ் முடிகிறது, பட்டியல் பின்னேரத்துக்குள் முகாமுக்குப் போகவேண்டும். சிவமணி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூலை வெறுமையாக இருந்தது. முதல் பெயர்கள் பிழையில்லாமல் ஏறின. நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பெட்டி பிடித்துக்கொண்டது. ஆனால் பிடித்த கையோடு கீச்சென்று கத்தத் தொடங்கியது. சுமை கூடினால் அப்படிக் கத்தும் என்று நானா சொல்லியிருந்தார். கத்தி முடிந்தால் எல்லாம் நிற்கும். எங்களுக்கு விளங்கவில்லை, ஒரு கொம்பியூட்டருக்கு ஏன் இவ்வளவு கத்தல்? அண்ணைக்கு விளங்கிவிட்டது. பற்றரிக் கரண்ட் இலவசமாக வருகிறது என்று கண்டதும், ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வயரை அந்தப் பெட்டியில் கொழுவியிருந்தார்கள். என் மேசை லைற்றும் அதில்தான்.

மனுசன் எழும்பினார். அந்த நடையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். சரக், சரக், டிக். என் லைற் போனது. சரக், சரக், டிக். வாசல் ஃபான் நின்றது. தண்ணீர் சூடாக்கும் கேத்தில் நின்றது. தன்னுடைய ஃபான், மெசினுக்குக் கொடுத்த ஃபான், அதையும் நிப்பாட்டினார். பெட்டி இன்னும் கத்தியது. மிச்சம் இருந்தது மனேஜரின் அறை. உள்ளே ரீவி ஓடுகிறது, வெளியில் சத்தம் கேட்கிறது, நாடு முழுவதும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மட்ச். அண்ணை கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

"ஐசே, என்ன செய்யிறீர்? கடைசி ஓவர்!"

"ஓம் சேர். முடியிறதுக்குள்ள நிப்பாட்டோணும்."

டிக்.

பெட்டி அடங்கியது. கந்தோர் முழுவதும் அரை இருட்டு. திரை ஒன்றுதான் நீலமாக எரிந்தது, அதற்கு முன்னால் சிவமணியின் முகம். நல்ல சத்தமாக ஏச வேண்டும் என்று மனேஜர் வெளியே வந்தார். வந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். கடல் மாடியேறி வந்திருந்தது. கீழ்ச்சுவரில் தண்ணீர் தட்டியது. சிவமணி ஒவ்வொரு பெயரையும் மெல்லச் சொல்லிச் சொல்லித் தட்டினாள். சல்லிப் பெரியவர் வாங்கிலிருந்தபடி ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொன்னார்.

"ஓம் பிள்ளை, எங்கட பெடியன்தான்."

அடுத்த பெயர்.

"ஓம், அவனும் எங்கட ஆள்தான்."

மூலையில் யாரும் இல்லை. யாரும் தலையாட்டவில்லை. பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கரையிலிருந்து தள்ளிவிட்ட வள்ளங்கள் போலப் போய்க்கொண்டே இருந்தன. எனக்குக் கண் கலங்கியது, அதை ஏன் மறைப்பது. அண்ணை ஃபான் இல்லாத தன் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மனேஜர் சத்தமில்லாமல் வந்து பெரியவருக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தார். பெயர்கள் முடிந்தன. பிளொப்பியில் போட்டோம். கரண்ட் வந்த பிறகு அச்செடுத்து முகாமுக்கு அனுப்பினோம், ஒரு பிழையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். மனேஜர் எழும்பிப் போகும்போது கேட்டது ஒன்றுதான், மட்ச் ஆர் வெண்டது என்று. யாருக்கும் தெரியவில்லை. கொம்பியூட்டர் படித்த வேறு பிள்ளையைப் பற்றிய பேச்சு அதன்பிறகு எழவே இல்லை.

மெசின் பிறகும் மாதக் கணக்காக நிற்காமல் ஓடியது. பாதை திறந்து அந்தப் பயிற்றுநர் வந்து பூட்டை எடுத்தார். இனி நிப்பாட்டலாம், உறை வராது என்றார். எல்லாரும் அண்ணையைப் பார்த்தோம். இவ்வளவு காலமும் சுவிச்சு என்றால் பாயும் மனுசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நீரே நிப்பாட்டும் பிள்ளை என்று சிவமணியிடம் சொன்னார். அவள் நிப்பாட்டினாள். திரும்பப் போட்டாள். மூலை வெறுமையாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் அண்ணை கந்தோரைச் சுற்றி வந்து எல்லா ஃபானையும் நிப்பாட்டினார்.

பிறகு நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். போன கிழமை லப்ரொப்பில் குடியேறியவர் என்னைப் படுத்திய பாட்டில், சிவமணிக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் போனிலும் வந்ததாம், மூலைக்குள் எட்டிப் பார்த்த அன்றே நிப்பாட்டிப் போட்டாளாம். அண்ணையிடம் சொன்னால் அவர் லப்ரொப்பையே கிணற்றுக்குள் போட்டுவிடுவார் என்று நான் சொன்னேன். அவள் சிரிப்பதை விட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? அண்ணை ரெண்டு மாதத்துக்கு முன்னம் மோசம் போயிட்டார்."

நித்திரையிலேயே போய்விட்டாராம். ஒரு வருத்தமும் இல்லையாம். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்றுவார்கள், முப்பத்தோராம் நாள் வரைக்கும் அது அணையக்கூடாது. அண்ணை வீடு கடற்கரைக் காற்றில் இருக்கிற வீடு. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, விளக்கு அடிக்கடி படபடத்ததாம்.

"எனக்குப் பயமாக் கிடந்துது அக்கா. அவற்ற வீடு, பழக்கதோசத்தில ஆரும் நிப்பாட்டிப் போடுவினம் எண்டு. அந்த மட்டையை நான் இவ்வளவு காலமும் வச்சிருந்தனான். கொண்டுபோய் விளக்குக்குப் பக்கத்தில சாத்தி வச்சன். அவற்ற எழுத்து, அந்தச் சிவப்பு மை. நிப்பாட்டாதே. துக்கத்துக்குள்ளயும் சனம் எல்லாம் சிரிச்சதுகள். எங்கட வீட்டுக்காரர்தான் முப்பத்தொண்டு வரைக்கும் பக்கத்தில இருந்து எண்ணெய் விட்டவர். அவர் வாய்விட்டுச் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் அக்கா கனகாலத்துக்குப் பிறகு கண்டனான்."

அவளுடைய பக்கம் யன்னல் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் தட்டுவது கேட்டது. கனநேரம் நாங்கள் இரண்டு பேரும் போனை நிப்பாட்டவில்லை.